பூவிதழின் நிறத்தை ஆராய்ந்த பேராசிரியர் டி. ஆர். சேஷாத்ரி

நமது பங்கு யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், மலரின் பக்கங்களில் பங்குக் குருக்கள், அருட்சகோதரிகள், ஊர்ப் பெரியோர்கள் ஆகியோரின் வரலாறுகள் இடம்பெறுவது முறையே. ஒரு ரசாயனப் பேராசிரியரின் வரலாற்றுக்கு இங்கே என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். அவர் நம் ஊரார் அல்லர். நம் சபையைச் சேர்ந்தவரும் அல்லர். எனினும் அவரை இங்கே நினைவுகூர ஒரு காரணம் உண்டு.

இராசிங்காபுரத்து வீடுகளிலிருந்து பிள்ளைகள் போடிக்கும் தேனிக்கும் உத்தமபாளையத்துக்கும் கல்லூரிக்குப் போய் வருகிறார்கள். அவர்களுடைய தாய் தந்தையரில் பலர் விடியுமுன் ஜீப் ஏறி, போடி மெட்டைக் கடந்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்பவர்கள். அந்தக் கூலியில் படிக்கும் பிள்ளை ரசாயனப் பாடம் எடுத்துப் படிக்கிறேன் என்று சொன்னால், அதைப் படித்து என்ன ஆகப் போகிறது என்று வீட்டார் கேட்பது இயல்பு. எட்டாத ஊரில், எட்டாத கருவிகளை வைத்துக்கொண்டு யாரோ செய்யும் வேலை அது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த எண்ணம் தவறு என்று தம் வாழ்நாள் முழுவதும் செய்து காட்டியவர் பேராசிரியர் திருவேங்கடம் ராஜேந்திரம் சேஷாத்ரி.

ஏலக்காய் ஸ்டோரில் காய் உலரும் வாசனை நமக்குப் புதிதல்ல. அந்த மணம் எதனால் வருகிறது என்று கேட்டால், காயின் எண்ணெயில் உள்ள சினியோல், டெர்பினைல் அசிடேட் என்னும் பொருள்களே முக்கியக் காரணம் என்று ரசாயன நூல் விடை சொல்லும். செடி தன் உடலில் செய்து வைத்திருக்கும் இத்தகைய பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் அமைப்பைக் கண்டறியும் துறைக்கு இயற்கைப் பொருள் வேதியியல் என்று பெயர். அந்தத் துறையில் நம் நாட்டில் பெரியதொரு ஆய்வுப் பரம்பரையை உருவாக்கியவர் நாம் கூறும் பேராசிரியர்.

பிறப்பும் கல்வியும்

காவிரிக் கரையில் உள்ள குளித்தலையில் 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் சேஷாத்ரி பிறந்தார். தந்தையார் திருவேங்கடத்து ஐயங்கார் பள்ளி ஆசிரியர். தாயார் நாமகிரி அம்மாள். ஆசிரியர் வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பின் அருமை தெரியும். செலவுக்குப் பணம் போதாது என்பதும் தெரியும். ஸ்ரீரங்கத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் பள்ளிக் கல்வியை முடித்துக்கொண்டு, சென்னை மாநிலக் கல்லூரியில் ரசாயன ஆனர்ஸ் வகுப்பில் சேர்ந்தார். அப்போது அவருக்கு ஆதரவு தந்தது இராமகிருஷ்ண மடத்தார் நடத்திய இல்லம். அந்தக் கடனை அவர் மறக்கவில்லை. பட்டம் பெற்றபின் ஓராண்டு காலம் அந்த மடத்தின் பணியிலேயே இருந்துவிட்டுத்தான் ஆராய்ச்சிக்குத் திரும்பினார்.

மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் பிமன் பிகாரி டே என்பவரிடம் ஆராய்ச்சி பயின்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பரிசுகள் கிடைத்தன. அரசாங்க உதவிச் சம்பளம் பெற்று 1927-இல் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ராபின்சனிடம் மாணவராகச் சேர்ந்தார். ராபின்சன் அக்காலத்துக் கரிம ரசாயன அறிஞர்களுள் முதல் வரிசையில் நின்றவர். பின்னர் 1947-இல் நோபல் பரிசு பெற்றவர். அவரிடம் மலேரியாக் காய்ச்சலுக்கான மருந்துகள் பற்றியும், பூக்களுக்குச் சிவப்பும் நீலமும் தரும் ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருள்கள் பற்றியும் சேஷாத்ரி ஆராய்ந்து, 1929-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தவுடன் அவர் ஊர் திரும்பிவிடவில்லை. ஆஸ்திரியா நாட்டின் கிராஸ் நகருக்குச் சென்று, பிரிட்ஸ் பிரகல் என்னும் அறிஞரிடம் நுண்பகுப்பாய்வு கற்றுக்கொண்டார். ஒரு பொருளில் கரியும் ஹைட்ரஜனும் எவ்வளவு உள்ளன என்று அறிய முன்பெல்லாம் நிறையச் சரக்கு வேண்டும். பிரகல் கண்ட முறையில் சில மில்லிகிராம் இருந்தால் போதும். அதற்காகவே 1923-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதன்பின் எடின்பரோவில் ஜார்ஜ் பார்கரிடமும் சிறிது காலம் பணியாற்றிவிட்டு, 1930-இல் சேஷாத்ரி தாயகம் திரும்பினார்.

இந்த நுண்பகுப்பாய்வுப் பயிற்சியை நாம் சிறிது கவனிக்க வேண்டும். மூட்டை மூட்டையாகப் பூவைச் சேர்த்து வேலை செய்தாலும் முடிவில் கையில் மிஞ்சும் தூய பொருள் மிகச் சிறிது. வசதி குறைந்த நாட்டில் ஆராய்ச்சி செய்யப் போகிறவன் அந்தச் சிறிதை வைத்துக்கொண்டே உண்மையைக் கண்டறியத் தெரிந்திருக்க வேண்டும். அவர் வெளிநாட்டில் கற்றவற்றுள் இங்கே பெரிதும் பயன்பட்டது அந்தக் கலை.

வெற்றிடத்தில் எழுந்த ஆய்வுக்கூடம்

கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் சில காலம் பணிபுரிந்த பின், 1933-இல் வால்டேரில் இருந்த ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கு அவர் சென்றார். டாக்டர் ராதாகிருஷ்ணன் அங்கே துணைவேந்தராக இருந்த காலம் அது. பல்கலைக்கழகம் 1926-இல் தோன்றியது. ரசாயனத் துறையோ மிகவும் புதிது. பழைய கட்டடமும் இல்லை, பழகிய ஆட்களும் இல்லை. மேசை, தண்ணீர்க் குழாய், எரிவாயு, தராசு, நூலகம் என்று ஒவ்வொன்றையும் அவரே முன்னின்று அமைக்க வேண்டியிருந்தது. பாடம் நடத்துவதும், மாணவரைத் தேர்ந்தெடுப்பதும், பட்டியல் போட்டுச் சாமான் வாங்குவதும், வாங்கியதை வீணாக்காமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. 1937-இல் பேராசிரியர் பதவி பெற்றார். ரசாயனத் துறை மட்டுமன்றி, ரசாயனத் தொழில்நுட்பம், மருந்தியல் முதலிய படிப்புகள் அங்கே வேரூன்றவும் அவர் உழைத்தார்.

ஆய்வுக்கூடம் எழுந்தது, எதை ஆராய்வது? அக்காலத்தில் கண்ணாடிக் கருவிகளும் உயர்தர ரசாயனங்களும் பெரும்பாலும் கடல் கடந்தே வரவேண்டும். விலை அதிகம், தாமதமும் அதிகம். ஆனால் செடியும் பூவும் மரப்பட்டையும் நம்மைச் சுற்றிலும் கிடக்கின்றன. அவற்றையே அவர் தம் ஆராய்ச்சிக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார்.

பருத்திப் பூவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் மஞ்சள் நிறத்தை ஏற்கெனவே இங்கிலாந்தில் பெர்க்கின் என்னும் அறிஞர் ஆராய்ந்திருந்தார். நம் நாட்டுப் பூ அங்கே போய்ச் சேர்ந்து, அதன் தன்மை அங்கே கண்டறியப்பட்டு, அச்சிட்ட தாளாக நமக்குத் திரும்பி வந்த காலம் அது. சேஷாத்ரியும் அவர் மாணவர் நீலகண்டமும் அந்த வேலையைப் பூ பூக்கும் மண்ணிலேயே தொடங்கினார்கள். நாட்டுப் பருத்தியின் வெவ்வேறு இனங்களை எடுத்து, எந்தப் பூவில் எந்த நிறப்பொருள் உள்ளது என்று ஒப்பிட்டார்கள். நம் வீட்டு வாசலில் நிற்கும் பூவரசின் பூ, புளிச்சைக் கீரைச் செடியின் பூ ஆகியவையும் அவர்கள் மேசைக்கு வந்தன. புங்க எண்ணெயிலிருந்து பொங்கமால் என்ற பொருளும், புங்க வேரிலிருந்து கானுகின் என்ற பொருளும் பிரித்தெடுக்கப்பட்டன. கானுக என்பது புங்க மரத்துக்குத் தெலுங்குப் பெயர். உலகத்து ரசாயன நூல்களில் ஒரு தெலுங்குச் சொல் இடம்பெற்றது இப்படித்தான்.

பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் பாசியையும் அவர் விட்டுவைக்கவில்லை. நம் பெண்கள் மசாலாவில் சேர்க்கும் கல்பாசி இந்த இனத்தைச் சேர்ந்தது. காளானும் பாசியும் ஒன்றாகக் கூடி வாழும் விசித்திரமான உயிர் இது. மற்றச் செடிகளில் காணக் கிடைக்காத பல அமிலங்களை இது உண்டாக்குகிறது. இந்தியப் பாசிகளின் ரசாயனம் பற்றிச் சேஷாத்ரியும் அவர் மாணவர்களும் வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். நம் மலைச்சரிவில் மரந்தோறும் ஒட்டிக் கிடப்பதை நாம் கண்டும் காணாமல் போகிறோம். அவர் நின்று பார்த்தார்.

அவர் கண்ட உண்மை

அவருடைய ஆராய்ச்சியின் நடுப்பொருள் பிளேவனாய்டு எனப்படும் பொருள்கள். இவை பெரும்பாலும் மஞ்சள் நிறமுடையவை. பதினைந்து கரி அணுக்கள் கொண்ட சட்டம் இவற்றுக்கெல்லாம் பொது. இரண்டு வளையங்கள், அவற்றை இணைக்கும் மூன்று கரி அணுக்கள் என்று அந்தச் சட்டத்தை மனத்தில் இருத்திக்கொள்ளலாம். வளையத்தின் எந்தெந்த மூலையில் ஹைட்ராக்சில் என்னும் சிறு கூட்டம் ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும்; நிறமும் மாறும்.

ஒரு பொருளின் அமைப்பு இதுதான் என்று சொல்வது எளிது; மெய்ப்பிப்பது அரிது. இன்றைக்கு நிறமாலைக் கருவிகள் சில மணி நேரத்தில் விடை சொல்லிவிடுகின்றன. அன்று அவை இல்லை. பூவைச் சாராயத்தில் ஊறவைத்துக் காய்ச்சி, சாற்றைச் சுண்டவைத்து, படிகமாகும்வரை காத்திருந்து, அந்தப் படிகத்தை அறிந்த துண்டுகளாக உடைத்து, எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று கணக்கிட்டு, கடைசியில் அதே பொருளைச் சோதனைக் குழாயில் புதிதாகச் செய்து இரண்டும் ஒன்றே என்று காட்ட வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகும். சில வேளைகளில் ஆண்டுகள் ஆகும்.

இந்தப் பாதையில் சேஷாத்ரி புதிய முறைகளை வகுத்தார். காரக் கரைசலில் பொட்டாசியம் பெர்சல்பேட்டைக் கொண்டு, ஏற்கெனவே உள்ள பிளேவோன் வளையத்தில் இன்னொரு ஹைட்ராக்சிலைக் குறித்த இடத்தில் ஏற்றும் முறையை அவர் விரிவாகப் பயன்படுத்தினார். எளிய பொருளிலிருந்து சிக்கலான பொருளுக்குப் படி ஏறிச் செல்ல இது உதவியது. இதிலிருந்து அவர் மேலும் ஒரு படி சிந்தித்தார். செடியும் இப்படித்தானே முதலில் எளிய பொருளைச் செய்து, பிறகு அதன்மேல் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போகக்கூடும் என்று கருதி, ஒரே செடியில் ஒன்றாகக் கிடைக்கும் பொருள்களை அந்தக் கண்ணோடு ஒப்பிட்டார். இவ்வாறு பூவின் நிறத்திலிருந்து, செடி தன்னுள் நடத்தும் தொழிலையே அறிய முயன்றார்.

சோதனைக் காலம்

இரண்டாம் உலகப்போர் வந்தது. 1942 ஏப்ரல் 6-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தின்மேல் குண்டு வீசின. வால்டேர் அதை அடுத்த கடற்கரை. பல்கலைக்கழகக் கட்டடங்கள் இராணுவத்தின் தேவைக்குப் போயின. பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம்பெயர்ந்தது. ஒன்பது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டு, எடுத்துச் செல்ல முடிந்ததை எடுத்துக்கொண்டு, வேறு ஊரில் மீண்டும் மேசை போட வேண்டிய நிலை. வெளிநாட்டுச் சரக்கு வரும் வழியும் அடைபட்டிருந்தது.

பலர் இந்த நிலையில் போர் முடியட்டும் என்று கைகட்டி இருந்திருப்பார்கள். சேஷாத்ரியின் குழுவிலிருந்து கட்டுரைகள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. ஆய்வுக்கூடத்தின் உயிர் அதன் ஆட்களிடத்தில்தான் இருந்தது என்பது அப்போது தெளிவாயிற்று. போர் ஓய்ந்தபின் வால்டேருக்குத் திரும்பி, மூன்றாம் முறையாக எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார்கள்.

இங்கே நம் சொந்தக் குறை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் கல்லூரியில் ரசாயனம் படித்த காலத்தில் உப்புப் பகுப்பாய்வு என்று ஒரு சோதனை உண்டு. கொடுத்த பொடியில் என்ன உப்பு இருக்கிறது என்று மாணவன் தானே சோதித்து எழுத வேண்டும். நாமும் நம் தோழர்களும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஆய்வுக்கூட உதவியாளரிடம் கெஞ்சி, என்ன உப்பு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, எல்லாச் சோதனையும் செய்ததுபோல நோட்டில் எழுதி மதிப்பெண் வாங்கினோம். கருவி சரியில்லை, வாயு வரவில்லை என்று காரணமும் வைத்திருந்தோம். மேசையே பறிபோன ஊரில் நின்றுகொண்டு, செய்த சோதனையைச் செய்தபடியே எழுதியவர்களின் வரலாற்றைப் பின்னாளில் படித்தபோது நமக்கு வெட்கமாயிருந்தது. அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

தில்லியில்

1949-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் சர் மாரிஸ் குவையர் அழைப்பை ஏற்று, ரசாயனத் துறைத் தலைவராக அவர் தில்லிக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. பெயரும் புகழும் பெற்றுவிட்ட அந்த வயதில் மீண்டும் ஒரு துறையைக் கட்டி வளர்க்கத் துணிந்தார். செஞ்சந்தனம் முதலிய மரங்களின் வைரப் பகுதியில் உள்ள நிறப்பொருள்களும், பாசிகளும், பிளேவனாய்டுகளும் அங்கே தொடர்ந்து ஆராயப்பட்டன. பிற்காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழு அத்துறையை இயற்கைப் பொருள் வேதியியலுக்கான உயர் ஆய்வு மையமாக ஏற்றுக்கொண்டது.

சிறப்புகள் தேடி வந்தன. 1960-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1963-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. 1967-இல் இந்திய விஞ்ஞானக் காங்கிரசின் பொதுத்தலைவராக விளங்கினார். அவர் பெயரில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவரிடம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றவர்கள் நூற்றுக்கும் மிகுந்தவர்கள்.

இந்த இரண்டு கணக்கில் பின்னதையே நாம் பெரிதாக மதிக்கிறோம். கட்டுரை நூலகத்தில் இருக்கும். மாணவன் இன்னோர் ஊருக்குப் போய் இன்னொரு ஆய்வுக்கூடம் அமைப்பான். எஸ். ரங்கசாமி, எல். ராமச்சந்திர ராவ் போன்ற அவருடைய மாணவர்கள் தாமே பேராசிரியர்களாகிப் பல மாணவர்களை உருவாக்கினார்கள். இன்று நம் பிள்ளைகளுக்குக் கரிம ரசாயனம் கற்பிக்கும் ஆசிரியரின் ஆசிரியரைத் தேடிப் போனால், சில இடங்களிலேனும் அந்த வழி சேஷாத்ரியிடம் போய்ச் சேரும்.

இறுதிக் காலம்

1965-இல் ஓய்வு பெற்ற பின்னும், தகைசால் பேராசிரியராக அவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்துகொண்டே இருந்தார். முதுமையில் ஆராய்ச்சிக்கு வரும் பண உதவி சுருங்கியபோது, தம் கைப்பொருளைச் செலவிட்டு வேலையைத் தொடர்ந்தார் என்பதை அவர் வாழ்க்கையில் நாம் மறக்கக் கூடாத செய்தியாகக் கருதுகிறோம். இளமையில் பிறர் தந்த ஆதரவால் படித்தவர், முதுமையில் தம் பணத்தால் பிறருக்கு வழி செய்தார். 1975-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் அவர் காலமானார்.

அவருடைய முறைகளில் பல இன்று பழையவை. மாதக்கணக்கில் அவர் செய்த வேலையைக் கருவி ஒரு நாளில் செய்துவிடுகிறது. அப்படியானால் அவர் உழைப்பு வீணா என்று ஒரு மாணவர் கேட்கலாம். வீணல்ல. அன்று சரியாகக் கண்டறிந்து எழுதிவைத்த அமைப்புகள் பிற்கால ஆய்வுக்கு அடிப்படையாயின. புதிய கருவி சொல்லும் விடை சரிதானா என்று பார்க்கவும், அமைப்பு ஐயமறத் தெரிந்த பொருள்களைத்தான் முதலில் ஒப்பிட்டுக்கொண்டார்கள். நேர்மையாகச் செய்த வேலைக்கு வயதாகலாம்; அது பொய்த்துப் போவதில்லை.

நமது பங்கின் மாணவச் செல்வங்களுக்கு இந்த யூபிலி ஆண்டில் நாம் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் கல்லூரியில் கருவி குறைவாயிருக்கலாம். அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. அதற்காகப் பெரியவர்கள் நாங்களும் பேச வேண்டும். ஆனால் இருக்கிற குழாயில், இருக்கிற அமிலத்தில் செய்யும் சோதனையை உண்மையாகச் செய்யுங்கள். வந்த அளவை வந்தபடியே எழுதுங்கள். ஆராய்வதற்குப் பொருள் வேண்டுமென்றால் வெகுதூரம் போக வேண்டாம். கொல்லையில் பூவரசு பூத்திருக்கிறது. ஓடைக்கரையில் புங்கம் காய்த்திருக்கிறது. மேலே மலையில் ஏலம் மணக்கிறது.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். குளித்தலை ஆசிரியர் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையை யாரோ கைதூக்கி விட்டதால்தான் இத்தனையும் நடந்தது. யூபிலி விழாவில் ஒளிவிளக்கும் பந்தலும் அழகே. அத்துடன் ஒரு ஏழைப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் நம் பங்கு மக்கள் கைகொடுத்தால், இந்த விழா பல ஆண்டுகள் பலன் தரும். இறைவன் அதற்கான மனத்தை நம் அனைவருக்கும் அருள்வாராக.